ஆரம்பாக்கத்து அளவு

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். வாப்பாவின் ஹெரால்டு காரின் பாடியைக் கழற்றி இறக்கியாச்சு. அடியில் பாடியைத் தாங்கும் சேசிஸ் சட்டம் உப்புக்காற்றில் அரித்து உதிர்கிறது. இரண்டு பக்கச் சட்டமும் புதுசு போடணும், கம்பெனி அளவு இருந்தால்தான் கதவு சேரும் என்கிறார் வெல்டர் ஏழுமலை. கம்பெனியே மூடிப் பல காலம்.

மெட்ராஸில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவரிடம் ஒரிஜினல் வரைபடம் இருக்கிறது. ஒரு போட்டோ கேட்டேன். வெளியில் கொடுப்பதில்லையாம். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஜென்மம்.

கார் நிற்பது தம்பி யூசுப்பின் இடம். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் விற்றுவிட்டு இடத்தைக் காலி பண்ணணும் என்கிறான்.

ஜூன் 10, செவ்வாய்
பொன்னேரி போய் பஸ் மாறி ஆரம்பாக்கம். அங்கே மீன்பிடிக்கும் தயாளனிடம் இன்னொரு ஹெரால்டு. நல்ல மனுஷன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தார், டீ வாங்கித் தந்தார். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டும் சமமாக வரணும்; ஒன்று நீளம், ஒன்று குட்டை. கம்பெனிக்காரன் காரணமில்லாமலா வைத்திருப்பான்? அப்படியே குறித்துக்கொண்டேன்.

வாங்க: வெல்டிங் ராடு, ரெட் ஆக்சைடு, இறால் அரை கிலோ.

ஜூன் 12, வியாழன்
வெல்டிங் முடிந்து பாடியைத் தூக்கி வைத்தோம். இடது கதவு சாத்தவில்லை. வலது கதவு, சாத்தினால் திறக்கவில்லை. தயாளனுக்குப் போன். அந்தக் காரின் பின்மூலையில் கயிறு கட்டித்தான் வருஷக்கணக்காகப் படகைக் கரையேற்றுகிறார்களாம்! இழுத்த இழுப்பில் சேசிஸே கோணல். முன்னாடியே சொல்லக்கூடாதா என்றேன்.

"இன்னா பாய், அளவு கேட்ட, டேப்ப புடிச்சேன். வண்டி இன்னா வேல செய்துனு நீ கேக்கவே இல்லியே."



ஜூன் 13, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் போன். அதே மெட்ராஸ்காரர். கார் விலைக்கு வருகிறது என்று யூசுப் சொல்லியிருக்கிறான். கூடப் பிறந்தவன்! ஒரு காகிதத்தைக் காட்ட மனசில்லாதவருக்கு இப்போது காரே வேண்டுமாம். கேள்வி வேறு, அளவெல்லாம் ஒரிஜினல்தானே என்று. கோணலைப் பற்றிப் பேசாமல் இப்படிச் சொன்னேன்:

"வரைபடத்த எடுத்துனு வாங்க சார். நீங்களே அளந்து பாத்துக்கலாம்."

ஞாயிறு வருகிறாராம். எடுத்துக்கொண்டே வருகிறாராம்.

ஜூன் 14, சனி
மேகமூட்டம். கோணல் சட்டத்தை அறுக்க ஏழுமலையைத் திங்கள்கிழமை வரச் சொல்லியாச்சு. போனில் பழைய படங்களை அழித்து, புது போட்டோவுக்கு இடம் பண்ணினேன். கார் விற்பனைக்கு இல்லை. அவர் வரைபடத்தை விரித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.