ஜாம் பாட்டிலும் கால் உடைந்த கிளாசும்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் வருங்கால மாப்பிள்ளையின் அம்மா எழுதுகிறேன். 'சம்பந்தி' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் என் குரல் ஒருமுறை ஏறினால் லேசில் இறங்காது, அதனால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு பிரமாதம். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒயின், உங்கள் மகள் பிறந்த வருஷம் வாங்கிப் பத்திரப்படுத்தியது என்று என்னிடம் யாரும் மூச்சுகூட விடவில்லையே! எங்கள் வீட்டில் ஒயின் என்றால் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், அதில் இரண்டு கட்டி ஐஸ். வழக்கம்போல் போட்டேன். நீங்களோ எல்லோர் முன்னாலும், "ஐயையோ, இதென்ன சர்பத்துன்னு நெனச்சீங்களா?" என்று என் கையிலிருந்தே கிளாசைப் பிடுங்கினீர்கள். நானும் விடவில்லை. இழுத்த இழுப்பில் கிளாசின் கால் பட்டென்று போயிற்று. ஒயின் முழுக்க என் புடவையில். கறையை நானே எடுத்துவிட்டேன், என் தொழிலே அதுதான். மனசில் பட்டதுதான் போக மாட்டேன் என்கிறது.

ஆறு கிளாஸ் செட்டில் ஒன்று குறைந்ததில் உங்கள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தேன். ஈடாக ஒரு ஜாம் பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பத்து வருஷமாக நான் ஒயின் குடிப்பது இதில்தான். மூன்று முறை விழுந்தும் கீறல் இல்லை.

கல்யாணப் பதிவுக்கு வந்து கையெழுத்துப் போடுவேன். சாயங்கால விருந்துக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
சலவைக்கடைக்காரி

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அம்மா,

ஜாம் பாட்டில் வந்து சேர்ந்தது. என் மனைவி அரைமணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கையிலிருந்து பிடுங்கியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிவப்பு ஒயினுக்குப் பதினாறு டிகிரி என்பது என் கணக்கு. தெர்மாமீட்டரில் பார்க்காமல் நான் ஊற்றியதே இல்லை. ஐஸ் போட்டால் மணம் எழும்பாது, கரையக் கரைய மிச்சமும் தண்ணீராகிவிடும். கிளாஸ் மெல்லிசாக இருந்தால்தான் உதட்டில் கண்ணாடி தெரியாது, ஒயின் மட்டும் தெரியும். இதையெல்லாம் அன்றைக்கு அமைதியாகச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் முந்திக்கொண்டது.

வீட்டில் நிலைமை சரியில்லை. "அத்தை உக்காராத மேஜையில நானும் உக்கார மாட்டேன்பா" என்று சொன்ன மகள், நாலு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் பிறந்த வருஷம் வாங்கியது இரண்டு பாட்டில். இரண்டாவது விருந்துக்கென்று இருக்கிறது. அவள் உட்காராவிட்டால் அதை யாருக்காகத் திறப்பது?

தயவுசெய்து வாருங்கள். ஐஸ் மட்டும் வேண்டாமே.

இப்படிக்கு,
மருமகளின் அப்பா

பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரியில் கெடுத்துவிட்டீர்கள். ஐஸ் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. எங்கள் கடைக்கு மூன்று ஹோட்டல்களின் விரிப்புகள் வருகின்றன. காலை ஏழு மணியிலிருந்து நீராவி இஸ்திரி முன்னால் நிற்கிறேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது என் காதுகூடக் கொதிக்கும். அப்போது அந்த முதல் வாய் ஜில்லென்று இறங்குமே, அதற்காகத்தான் ஒரு நாள் முழுக்க நிற்கிறேன் என்றுகூடத் தோன்றும். கை ஈரத்தில் மெல்லிசுக் கிளாஸ் நிற்காது. அதனால்தான் ஜாம் பாட்டில். மணம் பார்க்கும் மூக்கு எனக்கும் உண்டு, ஐயா. அது சாயங்காலத்துக்குள் சோப்புத் தூளிலேயே அடைத்துப்போகிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருநாள் நாலு மணிக்கு வந்து என் இஸ்திரி மேஜைப் பக்கம் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஐஸ்காரி

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மா,

நேற்று பார்க்கத்தான் வந்தேன். நீங்கள் "வாங்க" என்றுகூடச் சொல்லாமல், "இந்த முனையப் பிடிங்க" என்று விரிப்பைக் கையில் திணித்துவிட்டீர்கள். நாற்பது மடித்தேன். மூக்குக்கண்ணாடி ஆவியில் மறைந்து, முப்பதாவதை உங்கள் வேலைக்காரம்மாவின் முந்தானையோடு சேர்த்து மடித்ததை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

பிறகு இன்னொரு ஜாம் பாட்டிலில் ஐஸ் மிதக்க ஒயின் கொடுத்தீர்களே! சட்டைப்பையில் தெர்மாமீட்டர் இருந்தது. சத்தியமாக அதன் ஞாபகமே வரவில்லை. இரண்டாவது நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை. மைனஸ் பதினெட்டில் தெர்மாமீட்டர் பார்ப்பதுதான் என் வேலை. பகல் முழுக்க இரண்டு ஜோடி கையுறை. வீட்டுக்கு வந்து வெறும் விரலால் அந்த மெல்லிய கண்ணாடியைத் தொடும்போதுதான் எனக்குக் கை இருப்பதே தெரியும். சில்லென்று எது உள்ளே போனாலும் மறுபடி வேலைக்குப் போன மாதிரி இருக்கும். உங்களுக்குச் சூடு, எனக்குக் குளிர். இதற்கா இவ்வளவு சண்டை?

இன்னொரு செய்தி. உடைந்த கிளாசைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. காலில்லாமல் நிற்கவும் மாட்டேன் என்றது. சும்மா உங்கள் ஜாம் பாட்டிலின் வாயில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது! கீழே பாட்டிலில் ஐஸ், மேலே கிளாசில் ஒயின். குளிர் ஏறுகிறது, தண்ணீர் ஏறவில்லை. என் மனைவி, "இத்தன வருஷத்துல நீங்க கண்டுபிடிச்ச உருப்படியான விஷயம் இதுதான்" என்கிறாள்.

இப்போது வருவீர்களா?

அன்புடன்,
கையுறைக்காரன்

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

பதிலே இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், "அம்மா ஒண்ணும் சொல்லல மாமா" என்று நழுவுகிறார். நாளன்றைக்குக் கல்யாணம். மேஜையில் உங்கள் இடத்தில் அந்த ஜாம் பாட்டில் கிளாசை வைக்கப்போகிறேன். பக்கத்திலேயே ஐஸ் கிண்ணமும் இருக்கும். இதற்கு மேல் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும்,
மருமகளின் அப்பா

மார்ச் 8

அன்புள்ள சம்பந்தி,

பதில் எழுத எனக்கு ஏது நேரம்? விருந்து மேஜைகளில் ஒரு சுருக்கமில்லாமல் விரிப்புகள் கிடந்தனவே, அதெல்லாம் யார் கைவேலை என்று நினைத்தீர்கள்? உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மனைவி மூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் இருவரும் கூட்டு. உங்களைக் கொஞ்சம் தவிக்கவிட்டதும் அவர் யோசனைதான்.

நான் வாசலில் நுழைந்ததும் நம் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்து மேஜைக்கு இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நீங்கள் அந்த இரண்டாவது பாட்டிலைத் திறந்து முதலில் எனக்குத்தான் ஊற்றினீர்கள்.

அந்த ஜாம் பாட்டில் கிளாஸ் பார்க்க ஒரு கோமாளி மாதிரிதான் இருந்தது. ஆனால் முதல் வாய் குடித்தபோது நீங்கள் சொன்ன மணம் வந்தது. ஏதோ பழம், அதன் பின்னால் பழைய மரப்பெட்டி. நீங்கள் சொன்னது சரிதான். எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன், நேரில் கேட்டால் மறுப்பேன்.

ஆனாலும் பழக்கம் விடுமா? நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஒரே ஒரு கட்டியை உள்ளே போட்டேன். டக்கென்று சத்தம். நீங்கள் திரும்பினீர்கள். கிளாசைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு ஐஸ் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள்.

இன்றைக்குப் பேனாவை எடுத்ததும் 'சம்பந்தி' என்று கை தானாக எழுதிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் நம் வீட்டில் சாப்பாடு. ஒயினை அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறேன். எத்தனை டிகிரி என்று தெரியாது. வரும்போது தெர்மாமீட்டரை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி