சட்டைச் சோதனை

என்னங்க,

நான் சௌக்கியம். நீங்க எப்படி இருக்கீங்க? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்க எங்க உளவியல் டாக்டரம்மா புது ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்காங்க. புருஷன் போட்டுக் கழட்டின சட்டையை மோந்து பார்த்தா பெண்டாட்டிக்குப் படபடப்பு அடங்குதான்னு பார்க்கணுமாம். சிரிக்காதீங்க, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாடித்துடிப்பு பார்க்கற மெஷினைச் சரிபார்க்க நேத்து என்னையே உட்கார வெச்சுட்டாங்க. நான் இங்க வரும்போது எடுத்துட்டு வந்த உங்க கட்டம் போட்ட சட்டையைப் பெருமையாக் கொண்டுபோனேன். விரல்ல கிளிப்பை மாட்டிவிட்டு, எல்லார் முன்னாடியும் மனக்கணக்குப் போடச் சொன்னாங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சட்டையை முகத்துல அழுத்திக்கிட்டேன். திரையில கோடு இறங்கவே இல்ல.

"இது யார் சட்டைம்மா?"ன்னாங்க டாக்டரம்மா.

"எங்க வீட்டுக்காரரோடதுதான். தினம் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறேன்."

"அப்ப இதுல உன் வாசனைதாம்மா இருக்கும்"னு சொல்லிட்டு, கிளிப்பை அவங்களே மெதுவாக் கழட்டிவிட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம்.

அடுத்த பார்சல்ல தலைவலித் தைலம், பாவாடை நாடா ரெண்டு வையுங்க. அப்படியே நீங்க போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு. அத்தை கண்ணுல பட்டா துவைச்சு இஸ்திரி போட்டுடுவாங்க. அவங்களுக்குத் தெரியாம அழுக்காவே அனுப்புங்க.

டாக்டரம்மா கூப்பிடறாங்க, போகணும். ஆராய்ச்சிக்குத்தான் கேக்கறேன்.