இரண்டு கூட்டத்திலும் நின்றவன்

1946 செப்டம்பர் 3, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. பேசி அல்ல, தூறலில் நின்று. இந்தத் தேர்தலில் வாயைத் திறக்காமலே தொண்டை கட்டியவன் மயிலாப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் கார்ப்பரேஷனுக்கு நிற்கிறார். எதிர்த்து நிற்பவர் மரம் விற்கிற மரவாடி முதலாளி கங்காதரன். கங்காதரன் பேசுகிற கூட்டங்களுக்கெல்லாம் போய்ப் பின்னால் நின்று, யாரிடம் என்ன சொன்னார், எங்கே மழுப்பினார் என்று மனத்தில் வாங்கிவந்து வக்கீலிடம் ஒப்பிக்க வேண்டும். அதுதான் என் வேலை. பத்திரிகையில் இதையே செய்தபோது நிருபர் வலியுல்லா என்றார்கள். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை நின்றுபோயிற்று. இப்போது வக்கீலின் ஏஜெண்டு அம்பி, "இவர்தான் நம்மாத்து ஒட்டுக்கேக்கறவர்" என்று வந்தவர்களிடம் அறிமுகம் செய்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

செப்டம்பர் 5

இன்று முழுவதும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் மீன்கார முத்தம்மாவோடு பேசியதைத் தவிர.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் கங்காதரன் கூட்டம். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி நடந்தார். கட்டுமரத்தின் மேல் ஏறி நின்று பேசினார்.

"வலை காயப்போடற இந்த மணலு உங்க பாட்டன் பூட்டன் மணலு. இதுல ஒரு பிடியை எவனாவது அள்ளணும்னா, மொதல்ல என்னை அள்ளிக்கினு போகட்டும்!"

விசில் அடித்தார்கள். எனக்கே மயிர் சிலிர்த்தது. நன்றாகப் பேசுகிறார், பாவி.

வரி, சொத்து உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால் குப்பத்தில் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. ஆனால் போட்டி கடுமை. இவர்கள் சாய்கிற பக்கம் ஜெயிக்கும் என்பதுதான் என் கணக்கு.

செப்டம்பர் 11, புதன்

லஸ்ஸில் ஒரு பங்களாவில் சொந்த வீட்டுக்காரர்கள் கூட்டம். அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். நான் கார் டிரைவர்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அதே குரல். அதே மனிதர். இப்போது செருப்பு போட்டிருந்தார்.

"அந்தக் கடற்கரையை இப்படியே விடலாமா? நாத்தம் தாங்க முடியுதா? நான் வந்த மறுமாசமே கம்பி வேலி போட்டு, புல்லு வச்சு, நீங்க சாயங்காலம் குடும்பத்தோட வந்து உக்கார பெஞ்சு போடறேன்."

கை தட்டினார்கள். மூன்று நாள் இடைவெளி. ஒரே மணல். இரண்டையும் கேட்ட காது இந்த ஊரில் என்னுடையது மட்டும்தான். எத்தனை மாலை கால் கடுக்க நின்றேன், இப்படி ஒன்று கிடைக்காதா என்று!

வீடுவரை நடந்தே வந்தேன். கதவைத் திறந்ததும் ஹாஜிராவிடம் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் இப்படி வருகிறதே, என்ன செய்ய?

செப்டம்பர் 12

வக்கீல் வீட்டில் காலையிலிருந்து காத்திருந்தேன். உள்ளே பேச்சாளர்களுக்கு டிபன். எனக்கு வாசல் பெஞ்சு. மத்தியானம் கூப்பிட்டார். இரண்டு பேச்சையும் ஒரு சொல் மாறாமல் சொன்னேன். 'நாளைக்கே குப்பத்தில் கூட்டம் போட்டு இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார், வேறு எதுவும் வேண்டாம்' என்றேன்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஜன்னலுக்கு வெளியில நின்னு கேட்டதையெல்லாம் மேடையில சொல்லிண்டிருந்தா என்னை என்னன்னு நினைப்பா? நான் கொள்கை பேசறவன் வலியுல்லா."

அம்பி குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் விடும் ஓய். அவனுக்குப் பொம்மனாட்டி சகவாசம் ஏதாவது உண்டா? அதைச் சொல்லும், நோட்டீஸ் அடிச்சுடலாம்."

இல்லை என்றேன். அப்படியானால் ஒன்றும் இல்லை என்றார்.

ஒன்றும் இல்லையாம்! ஜெயிக்கிற சங்கதியைத் தட்டில் வைத்து நீட்டுகிறேன், கை நனைக்கமாட்டேன் என்கிறார்கள். பக்கத்து அறையில் பாட்டு எழுதுகிறவனுக்கு இன்னொரு காபி போயிற்று. எவனாவது என்னை 'உட்காரு' என்றானா?

செப்டம்பர் 15

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. மாடவீதியில் கங்காதரன் கூட்டம். வழக்கம்போல் கடைசியில் நின்றேன். நடுப்பேச்சில் நிறுத்திவிட்டு, "பின்னால பாய் ஒருத்தர் நிக்கிறாரே, வயசானவரு. தினமும் வராரு. அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கடா" என்றார். நாற்காலி வந்தது. ஒரு சோடாவும் வந்தது.

உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த ஒரு மாதத்தில் என்னை மனிதனாகக் கவனித்தவர், நான் கவிழ்க்கப் பார்க்கிற ஆள்.

செப்டம்பர் 18

முத்தம்மா வாசலில் கூடையை இறக்கினாள். குப்பத்துக்காரி. இன்று மீனை விட்டுவிட்டு வேறு கேட்டாள்.

"சாயபு, எங்க மீட்டிங்குல நீ நின்னுகினு இருந்தியே. அந்தாளு மணலை வுடமாட்டேன்றானே, நெசமாத்தான் சொல்றானா? எங்க ஊட்டுக்காரனுக்கு ஓட்டு கீது. யாருக்குப் போடறதுன்னு ஒரே சண்டை."

"மீட்டிங் விஷயமெல்லாம் என்கிட்ட கேக்காதே முத்தம்மா" என்றேன்.

"சரிதான், பெரிய துரை!" என்று சிரித்துவிட்டு, ஒரு கை நெத்திலி அதிகம் போட்டுவிட்டுப் போனாள்.

கேட்டதைக் கூலி கொடுப்பவரிடம் மட்டும் சொல்வது, வெளியே வாய் திறக்காதது. இந்தத் தொழிலுக்கு ஏதாவது மரியாதை உண்டென்றால் அதுதான். வக்கீல் வேண்டாம் என்று ஒதுக்கிய சங்கதி என்றாலும் அது வக்கீலுடையது. சரியாகத்தான் நடந்துகொண்டேன்.

அந்த நாற்காலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 24

ஓட்டுப் பதிவு. மழை. குப்பத்து ஆட்கள் கூட்டமாக வந்து போட்டார்கள்.

செப்டம்பர் 26

கங்காதரன் ஜெயித்துவிட்டார். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான். வக்கீல் வீட்டுக்குப் போனேன். ஜனங்களுக்குக் கொள்கை புரியவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்பி என்னைப் பார்த்து, "இனிமே உமக்கு இங்கே என்ன ஓய் வேலை?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

செப்டம்பர் 30

கங்காதரன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மரவாடியில் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வக்கீல் ஆளுன்னு மொத நாளே தெரியும் பாய். லஸ்ல ஜன்னலாண்ட நின்னீங்களே, அப்பவே பாத்துட்டேன். குப்பத்துலயும் நீங்க இருந்தீங்க. போச்சுடான்னு நெனச்சேன். அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். "சொல்லியுமா! அந்த ஒண்ணை வச்சு என்னைப் படுக்கவச்சிருக்கலாமே பாய்! உங்களை மாதிரி ஒரு காது எனக்கு வேணும். குப்பத்துல என்னைப் பத்தி யார் யார் இன்னா பேசறாங்கன்னு வந்து சொல்லுங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து சம்பளம்."

என் வேலையின் அருமை தெரிந்த ஒரே மனிதர். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

ஜும்மாவுக்குப் போய்வந்தேன். மரவாடிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 19

குப்பத்து மணலில் கம்பி வேலி அடிக்கிறார்கள். சொன்னபடி மறுமாசமே.

அக்டோபர் 20, ஞாயிறு

முத்தம்மா வந்தாள். கூடையில் மீன் இல்லை. வலையைக் காயவைக்க இடமில்லாமல் ஈரத்தோடு குவித்துப் போட்டிருக்கிறார்களாம். நூல் அழுகுகிறதாம். அவள் புருஷன் வேலிக்காரனோடு மல்லுக்கு நின்று, போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"லஸ்ஸாண்ட பங்களாவுல வேற மாதிரி பேசினானாமே சாயபு. அங்க கார் ஓட்டற பையன் இப்பதான் சொல்றான். உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

"எப்பலேருந்து?"

"ஓட்டுக்கு முன்னாடியே. வக்கீல்கிட்ட சொன்னேன். அவர் கேக்கல."

"வக்கீலுக்கா மணலு போச்சு?" என்றாள். "நான்தான் வாயைத் தொறந்து கேட்டேனே சாயபு. உன் வாசல்ல உக்காந்துகினு கேட்டேனே."

என்னத்தைச் சொல்ல! தொழில் மரியாதை என்றா சொல்வது? வக்கீலிடம் சொன்னேன், சொன்னதைக் கங்காதரனிடமும் சொன்னேன். ஓட்டுப் போடப்போகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லையே, யா அல்லா.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 21

மரவாடிக்கு ஆள் அனுப்பினேன், வேலை வேண்டாம் என்று.

அக்டோபர் 27, ஞாயிறு

முத்தம்மா இந்த வாரம் இந்தத் தெருவுக்குள்ளேயே வரவில்லை. சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் ஆண்களும் பெண்களும் கூடி, கலெக்டரிடம் போவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தம்மாவும் இருந்தாள். இரண்டு பேச்சையும் நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். நான் கிட்டே வந்ததைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.