பின்சுவர் ஒலிபெருக்கி

அனுப்புநர்
அச்சு இயந்திரம் ஓட்டுபவர்
(சந்தில் அழைக்கும் பெயர்: மைக்காரர்),
மூன்றாம் வீடு, கோயில் பின்சந்து.

பெறுநர்
ஒலிக் கட்டுப்பாட்டுப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: கத்தோலிக்கக் கோயிலின் பின்சுவரிலிருந்து அகற்றப்பட்ட ஒலிபெருக்கியை மீண்டும் பொருத்த அனுமதி வேண்டுதல் – என் முந்தைய புகாரைத் திரும்பப் பெறுதல் – அந்தப் புகாரைக் கொடுத்தவர் மீதே புகார் கூறுதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் கொடுத்த புகார், நாள் 04.08.2025.
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 28.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலில் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு தெருவிளக்குக்காக எங்கள் சந்து மூன்று வருடம் அலைந்திருக்கிறது. நான் கொடுத்த புகாருக்கு இருபத்து நான்கே நாளில் உத்தரவு போட்டீர்கள். புகார்தாரர் யார் என்பதையும் வெளியே விடாமல் காப்பாற்றினீர்கள். இரண்டையுமே செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது. அது தங்கள் குறையல்ல. குறை முழுவதும் என்னுடையது என்பதைக் கீழே விவரமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் முப்பத்து நான்கு வருடமாக அச்சகத்தில் வேலை செய்கிறேன். இயந்திரச் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது. ஆகவே எந்த ஒலிபெருக்கியாலும் எனக்குத் தொந்தரவு இருந்ததில்லை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவன் நான். ஞாயிறுதோறும் மனைவியைக் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுவேன். அவள் உள்ளே இரண்டாம் வரிசையில் உட்காருவாள், நான் வண்டிகள் நிற்கும் இடத்தில் நிற்பேன். அங்கே என்னைப்போல் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உண்டு. "வெளிப் பங்கு" என்று பங்குத்தந்தையே எங்களைக் கேலி செய்வார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பூசையைக்கூட நான் முழுதாகக் கண்டதில்லை. அவளும் வற்புறுத்தியதில்லை. "வாசல் வரைக்கும் வர்றீங்கல்ல, அது போதும்" என்பாள்.

2. என் மனைவிக்குச் சென்ற ஆண்டு மே மாதம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் நன்றாக இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கிறது, நான் உப்புப் போட மறந்தால் முகத்திலேயே தெரியும். கோயில் பின்சுவரைப் பார்த்த ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்தான் உண்டு.

3. அவள் விழுந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஞாயிறு காலை ஆறரை மணிப் பூசையின் சத்தம் எங்கள் ஜன்னலில் பலமாக விழத் தொடங்கியது. பூசை தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகாது, அவள் இடது கையை மடக்கித் தன் நெஞ்சில் மூன்று முறை அடித்துக்கொள்வாள். கண்ணிலிருந்து தண்ணீர் வரும். வாரம் தவறாமல் இது நடந்தது. வேறு நாளில் நடந்ததில்லை. சத்தம்தான் அவள் நெஞ்சைத் தாக்குகிறது என்று நான் முடிவு கட்டினேன். மாத்திரை கொடுத்தால் வாயைத் திறக்கமாட்டாள், கையால் தள்ளிவிடுவாள். வலியின் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

4. மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "நெஞ்சுல ஒண்ணுமில்லையேங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் விடவில்லை. பிடித்த பிடியில் நின்று, "அமைதியான சூழல் தேவை" என்று எழுதி வாங்கிவந்தேன். அந்தச் சான்றைத்தான் முதல் புகாருடன் இணைத்திருந்தேன். அந்தப் புகாரில், "ஒலிபெருக்கி வேண்டுமென்றே என் வீட்டை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டுள்ளது" என்றும் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி மட்டும் உண்மை என்று பின்னால் தெரிந்தது.

5. ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, தங்கள் ஊழியர்கள் இருவர் ஏணியுடன் வந்து அதைக் கழற்றினார்கள். நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன், தண்ணீரும் கொடுத்தேன். என் மனைவி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

6. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் வாசலில் நின்று, "எவன் கண்ணு பட்டுச்சோ, எவன் கை எழுதுச்சோ, அவன் நல்லா இருப்பானா?" என்று சந்து கேட்கக் கத்தினார். வாரத்தில் ஒருநாள் பூசை ஒலிக்கும் அந்த ஒரு மணிநேரம்தான் அவருக்கும் பேச்சுத்துணை. நானும் அவருடன் சேர்ந்து தலையாட்டினேன். இதையும் தங்கள் கோப்பில் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

7. படுக்கையில் இருப்பவர்களுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் கன்னியர் மடத்து அருட்சகோதரி நற்கருணை கொண்டுவருவது வழக்கம். கோயில் மக்கள் அதை "நன்மை" என்பார்கள். அவர் வரும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். வெளியே நிற்பது எனக்குப் பழகிப்போன விஷயம். ஒலிபெருக்கி போன மறுநாளிலிருந்து என் மனைவி நன்மை வாங்க வாயைத் திறக்கவில்லை. அருட்சகோதரி முதல் இரண்டு வாரம் உடம்பு முடியவில்லை என்று நினைத்துப் பொறுத்தார். பிறகு பங்குத்தந்தையே வந்து உட்கார்ந்து எடுத்துச் சொன்னார். அவர் போகும்வரை அவள் கண்ணை மூடியே இருந்தாள். அக்டோபரில் இரண்டாம் முறை பக்கவாதம் தாக்கியது. "மாசக் கணக்குச் சொல்ல முடியாதுங்க, வாரக் கணக்குத்தான்" என்று மருத்துவர் கூறிவிட்டார். அதன் பிறகும் அவள் வாய் திறக்கவில்லை.

8. பதினோராம் ஞாயிறு, நவம்பர் 9 அன்று, அருட்சகோதரி வாசலுக்கு வந்து, "ஐயா, இன்னைக்கு நீங்க உள்ள வாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்று அழைத்தார். அப்போதுதான் முதல் முறையாக உள்ளே நின்றேன். அவர் பாவ அறிக்கை மன்றாட்டைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் என் மனைவி கையை மடக்கி நெஞ்சில் மூன்று முறை அடித்துக்கொண்டாள். நான் பதறிப்போய் மாத்திரை டப்பாவை எடுக்க ஓடினேன். அருட்சகோதரி என் கையைப் பிடித்தார். "எதுக்குங்க மாத்திரை? அந்த எடத்துல எல்லாரும் தட்டிக்குவோமே. நீங்க பாத்ததே இல்லையா?" என்றார்.

நான் பார்த்ததில்லை, ஐயா. வண்டிகளுக்கு நடுவில் நின்றால் அது தெரியாது.

9. அருட்சகோதரி மீண்டும் கேட்டபோது என் மனைவி கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள். வெறும் சுவரையும், அதில் நான்கு ஆணி ஓட்டைகளையும் காட்டினாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பூசை காணாமல் நன்மை வாங்கக் கூடாது என்பது அவளுடைய கட்டுப்பாடு. நடமாடிய காலத்தில், என்னால் தாமதமாகிப் பிரசங்கத்துக்குப் பிறகு உள்ளே போன நாள்களில் அவள் நன்மை வாங்காமல் வருவாள். அன்று முழுவதும் என்னோடு பேசமாட்டாள். நோயாளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று பங்குத்தந்தை சொல்கிறார். அவள் மனது அதை ஒப்பவில்லை. ஒலிபெருக்கி இருந்தவரை அவள் படுத்தபடியே முழுப் பூசையும் கண்டிருக்கிறாள். அதை எழுத்து மூலம் புகார் கொடுத்து நிறுத்தியவன் நான்.

10. அன்று மாலை அச்சகத்துக்குப் போய்ப் பழைய தாள் கட்டைப் பிரித்தேன். கோயிலின் பூசைத் தாள் எங்கள் அச்சகத்தில்தான் அடிக்கப்படுகிறது. பத்தொன்பது வருடமாக நானே ஓட்டுகிறேன். மை சீராக விழுகிறதா என்று பார்ப்பேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவனல்ல. முதல் பக்கத்திலேயே, பாவ அறிக்கைக்கு நடுவில், "இங்கே மும்முறை நெஞ்சில் தட்டிக்கொள்ளவும்" என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. மை மிகச் சீராக விழுந்திருக்கிறது.

11. கைப்பேசியில் பூசை போட்டுக் காட்டலாமே என்று தாங்கள் கேட்கலாம். மனைவியின் தங்கை மகன் போட்டுக் காட்டினான். பெரிய கோயில், நல்ல பாட்டு, தெளிவான சத்தம். அவள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் வாசகம் வாசிக்கும் முன் இரண்டு முறை தொண்டையைக் கனைப்பார். முன்வரிசைத் தையல்காரம்மா பாட்டில் எல்லோரையும்விட ஒரு வார்த்தை முந்திப் போவார். அவளுக்கு அந்தப் பூசைதான் பூசை.

12. நவம்பர் 16 அன்று நான் கோயிலுக்கு உள்ளே போனேன். அவளுடைய இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முன்னால் இருந்த தையல்காரம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நெஞ்சில் தட்டிக்கொள்ளும் இடம் மட்டும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். வாசகம் முழுக்க மறந்துவிட்டது, பிரசங்கம் பாதி நினைவிருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அருட்சகோதரி வந்தபோது வாய் திறக்கவில்லை. நான் கண்டது அவள் கண்டதாகாது என்று எனக்கே புரிகிறது.

13. அன்று பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "நாந்தான் உங்க ஜன்னலப் பாத்துத் திருப்பி வெச்சேன். அக்கா வர முடியலயேன்னு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார். தவறு செய்தவன் நான் இருக்க, அவர் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

14. நேற்று தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். "புகாரத் திரும்ப வாங்க தனி பாரம் கெடையாதுங்க. நீங்க மனுவா எழுதுங்க. பாதிக்கப்பட்டவங்க ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போடணும்" என்று எழுத்தர் தெரிவித்தார். முதல் புகாரில் பாதிக்கப்பட்டவர் என்று நான் குறிப்பிட்டது என் மனைவியை. அவளுக்குக் கையெழுத்துப் போட வராது. இடது கைப் பெருவிரல் ரேகையைக் கீழே பெற்றிருக்கிறேன். மனுக்களுக்கு நாற்பத்தைந்து நாளில் தீர்வு என்று சுவரில் பலகை இருக்கிறது. என் மனைவிக்கு நாற்பத்தைந்து நாள் இருக்கிறதா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

ஆகவே ஐயா அவர்களை நான் வேண்டிக்கொள்வது:

அ. என் முதல் புகாரை உண்மைக்கு மாறானது என்று தள்ளுபடி செய்து, ஞாயிறு காலை ஆறரை முதல் ஏழரை வரை மட்டும் அந்த ஒலிபெருக்கியை இயக்க அனுமதிக்க வேண்டும். சத்தத்தைத் தாங்கள் சொல்லும் அளவுக்குக் குறைத்துக்கொள்ள உபதேசியார் சம்மதித்திருக்கிறார். அது எங்கள் ஜன்னலை எட்டினால் போதும்.

ஆ. தவறான புகார் கொடுத்ததற்குச் சட்டப்படி எனக்கு என்ன தண்டனையோ அதை விதிக்கலாம். அந்த உத்தரவில் என்னை மறைக்காமல், யார் என்று குறிப்பிட்டு, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லலாம். ஓட்டுநர் அண்ணனுக்கு நானே சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை.

இ. உத்தரவு வரும்போது என் மனைவி இல்லாமல் போனாலும் மனுவை முடித்துவிட வேண்டாம். அடுத்த வீட்டு ஓட்டுநருக்கு அந்தப் பூசை கேட்க வேண்டும். என் மனைவியின் கட்டிலும் அதே ஜன்னலோரத்தில்தான் இருக்கும்.

வரும் ஞாயிறு 23ஆம் தேதி. ஏணி பிடிக்க ஆள் தேவையில்லை, நான் இருக்கிறேன். அவள் ஒரே ஒரு பூசை கண்டு, ஒருமுறை வாய் திறந்தால் போதும். அதற்கு மேல் தங்களிடம் கேட்க எனக்கு முகமில்லை.

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும் பழைய புகார்தாரர்,
(கையொப்பம்)

இடம்: கோயில் பின்சந்து
நாள்: 18.11.2025

இணைப்பு: 1. முதல் புகாரின் நகல்.
2. மருத்துவச் சான்றின் நகல்.
3. பூசைத் தாள் ஒன்று (முதல் பக்கத்தில் கோடிட்டுள்ளேன்).

ஆட்சேபணை இல்லை:
பாதிக்கப்பட்டவரின் இடது கைப் பெருவிரல் ரேகை.

குறிப்பு: மேற்படி ரேகை சற்றுக் கலைந்திருப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் ரேகை வைக்கக் கூடாது என்பதால், இன்று காலை இந்த மனு முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். புகார் கொடுத்தது நான்தான் என்பதை அவள் அறிந்தது அப்போதுதான். வாசித்து முடித்ததும் தானே விரலை நீட்டினாள், மை தடவி ரேகை எடுத்தேன். துடைப்பதற்குத் துணி எடுக்கும் முன், அந்தக் கை தாளை உரசி எழுந்து வந்து என் நெஞ்சில் மூன்று முறை தட்டியது. என்னைக் குற்றம் சாட்டினாளா, எனக்காக அவளே மன்றாடினாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கூடுதலாக ரேகை தேவைப்பட்டால், இன்னும் மூன்று என் சட்டையில் இருக்கின்றன. அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன், நேரில் காட்டத் தயாராக இருக்கிறேன்.