மூணு பத்தாது

நேற்று கட்கியில் குடியிருந்த வீட்டைக் காலி செய்யும்போது பழைய கீபோர்டின் உறையைத் திறந்தேன். குப்பென்று கிராம்பு வாசனை. ஓரப் பைக்குள் கையை விட்டால் உன் காகிதப் பொட்டலம், உள்ளே ஏழெட்டுக் கிராம்பு. அடிப்பாவி, எத்தனை வருஷமாச்சு! கீழே டெம்போக்காரர், "மேடம், சலா லவ்கர்" என்று மராத்தியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். காரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் துப்ப மனம் வரவில்லை.

பாடுவதற்கு முன்னால் நீ ஒரு கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வாய். "தொண்டைக்காடி?" என்று கேட்டால், "பயத்துக்குத்தான்ட்டி" என்பாய். உனக்குப் பயமா என்று சிரித்திருக்கிறேன்.

உன்னை முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில், என் வங்கிக் கவுன்ட்டரில். படிவத்தை நிரப்பிக்கொண்டே நீ ஏதோ மெட்டை முணுமுணுத்தாய். என் விரல்கள் என்னையும் அறியாமல் மேசைமேல் அதற்குக் கீபோர்டு கார்ட் பிடித்தன. நீ கண்டுபிடித்துவிட்டாய். "தமிழா நீங்க? கீபோர்டு வாசிப்பீங்களா? ஞாயித்துக்கிழமை ஏரவாடாவுல எங்க சர்ச்சுக்கு வாங்களேன்." நான் கோயிலுக்குப் போகிறவள் என்று சொன்னேன். "இருக்கட்டும். கீபோர்டு என்ன மதம்?" என்றாய். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

அம்மா ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். "போறதுன்னா போ. பொட்டை மட்டும் எடுத்துடாத." அதை உன்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பொட்டோட வாட்டி. கர்த்தருக்கு அதெல்லாமா கண்ணை உறுத்தும்?" என்றாய். அன்றைக்கு வந்தது, 'டி'க்குப் பதிலாக இந்த 'ட்டி'. திருநெல்வேலியைப் பெற்றோர் வாய்வழியாக மட்டுமே அறிந்தவள் நீ. அந்தப் பேச்சில் பாதிக்குப் பாதி இந்தியைக் கலந்து அடிப்பாய்.

உங்கள் சபை மூப்பர்களுக்கு நாம் இருவரும் ஆகவில்லை. கிட்டார், டிரம் பேடு, போதாததற்குப் பொட்டு வைத்த நான். "சபைக்குள்ள என்னம்மா சினிமாக் கச்சேரி?" என்று ஒருவர் கேட்டே விட்டார். நீ அசரவில்லை. "தாவீது ராஜா சுரமண்டலம் வாசிச்சாரே ஐயா. எங்கிட்ட இதுதான் இருக்கு" என்று கீபோர்டைத் தட்டிக் காட்டினாய். என் கீபோர்டு அது, தெரியுமில்லையா?

உன் முதல் பாட்டு, பொதுக்குழாய் வரிசையில் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றபோது கட்டியது. கிணற்றடியில் கர்த்தரைக் கண்டு, குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிய பைபிள் சமாரியப் பெண்ணின் பாட்டு. அவள் ஓடுகிற இடத்தில் மெட்டு மேலே மேலே ஏறும். ஜி மேஜர் சுருதியில் அந்த உச்சியை நீ தொடும்போது குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். சுவரில் மெத்தை அடித்த ஒரு சின்ன அறையில் கேசட் பதிந்தோம். வெளியே அடைமழை, மழை விட்டால்தான் பாட்டு. பிறகு சிஞ்ச்வட், மும்பை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனோம், தமிழில், இந்தியில், மராத்தியில். ஒருநாள் ஏறிய ரிக்‌ஷாவிலேயே உன் பாட்டு ஓடியது. "பாயி, இது நான்தான்" என்று இந்தியில் சொன்னாய். அவர் நம்பவில்லை. கோந்த்வா வரைக்கும் பாடிக்கொண்டே வந்தாய், பிடிவாதக்காரி.

புதிய நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷத்தில் உன் கழுத்தில் கட்டி. அறுவை சிகிச்சையில் குரலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "பாட முடியலன்னா நான் யாருட்டி?" நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருந்தேன்.

குரல் வந்தது. ஆனால் இறங்கி வந்தது. வீட்டில் முயன்று பார்த்த அன்று, சமாரியப் பெண் ஓடுகிற இடத்தில் உடைந்து போனது. நீ பாட்டு நோட்டை மூடினாய். "பஸ், போதும். முடிஞ்சிச்சு." அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சபையில் கடைசி வரிசையில், உதட்டைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தாய். கீபோர்டிலிருந்து உன்னை அங்கே பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் செய்தேன். இந்தக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அமுக்கினால், விரல் பழைய கட்டையிலேயே ஓடினாலும் சுருதி மட்டும் அரைப்படி கீழே இறங்கும். கிட்டார் வாசித்த உன் தம்பி அப்போது துபாய்க்குப் போயிருந்தான், சுருதி மாறியதைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. அந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் மூன்று முறை அமுக்கி வைத்துவிட்டு உன்னை இழுத்து வந்தேன். "ஜி தான?" என்று கேட்டாய். "ஜி தான்டி. எப்பவும் போல" என்றேன், உன் முகத்தைப் பார்க்காமல்.

நீ பாடினாய். அவள் குடத்தை விட்டு ஓடினாள். உச்சியைத் தொட்டாய். சபையே எழுந்து நின்றது. பாஸ்டர் மைக்கை வாங்கி, "பழைய குரலைக் கர்த்தர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார், அற்புதம்!" என்று அறிவித்துவிட்டார். நான் கீபோர்டுக்குப் பின்னால் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தேன். அல்லேலூயா சொன்னவர்களில் அந்த மூப்பரும் ஒருவர்.

அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது? ஒவ்வொரு கூட்டத்திலும் அற்புதத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் முன்கூட்டியே போய், யாரும் பார்க்காமல் மூன்று முறை அமுக்குவேன். அணைத்தால் எல்லாம் மறந்துவிடுகிற கீபோர்டு இது. கரண்ட் போய் வந்தால் எனக்கு உயிரே போய்விடும். உன்னையும் உன் கடவுளையும் சேர்த்து ஏமாற்றுகிறேனே என்று பிள்ளையாரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். யாரிடம் கேட்பது என்றே தெரியாத குற்றம் அது. நாலைந்து வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு கட்டி திரும்பி வந்தது. இம்முறை அறுக்கவும் வழியில்லை. நீ கடைசியாகப் பாடிய ஞாயிறு, எலும்பும் தோலுமாய் மேடை ஏறினாய். கிராம்பை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தாய்.

"ஏட்டி, இன்னைக்கு மூணு பத்தாது. நாலு அமுக்கு."

கட்டைகளிலிருந்து கையை எடுத்தேன். "தெரியுமாடி உனக்கு?"

"மொத நாளே. முதல் கார்டுலயே. எனக்குத் தொண்டைதானட்டி போச்சு, காதுமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ திருடி மாதிரி அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கியே, நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"அற்புதம்னு எல்லாரும் சொன்னாங்களே..."

"நானும் அதைத்தானே சொன்னேன். பாட வச்சாருன்னு. ஜி-லன்னு எங்கயாவது சொன்னேனா?" சிரிக்கப் போய் இருமினாய். பிறகு என் கன்னத்தைத் தட்டினாய். "உன்னை அனுப்பினாரே, அது என்ன சும்மாவா? அழாதட்டி. அமுக்கு."

அமுக்கினேன். நீ பாடினாய். உச்சி இருந்த இடம் இப்போது தரையோடு தரையாக இருந்தது. அங்கேயும் அவள் ஓடினாள்.

இன்று புதிதாகக் குடிவந்த பாணேர் வீட்டில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே கீபோர்டை வைத்தேன். பத்து வருஷத்துக்குமேல் ஆன தூசி. ஆனாலும் விளக்கு எரிந்தது. உன் பாட்டை வாசித்தேன். இணையத்தில் கீபோர்டுப் பாடம் கற்ற என் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீ ஜி புடிக்கிற, சத்தம் வேற வருது. கீபோர்டு கராப் ஆயிடுச்சா?" பக்கத்தில் வந்து கீபோர்டின் திரையைப் பார்த்தாள். "ஓ, மைனஸ் நாலு. ஜீரோ பண்ணவா?"

எப்போது அமுக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. விரல் தானாகப் போயிருக்கிறது, நான்கு முறையும்.

"கையை எடு" என்றேன் அவளிடம். "அது சரியாத்தான் இருக்கு."