நர்மதைக் கரையில் கிடைத்த கல்

ஜபல்பூர்
15.2.1989

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, பாக்கியம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் விடுமுறை கிடைத்தது. விடுதித் தோழிகள் மூன்று பேரோடு நர்மதைக் கரைக்கு அகேட் கல் தேடப் போனேன். அறுத்தால் உள்ளே வரிவரியாக நிறம் தெரியும் கல் அது. எல்லோரும் பளபளப்பான கல்லாகப் பொறுக்க, நான் சொரசொரப்பான ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தேன். ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவியது.

"ஏட்டி, உருளைக்கிழங்கா பொறுக்குத?" என்று தென்காசிக்காரி இசக்கி சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து பாசியில் வழுக்கி, முழங்காலளவுத் தண்ணீரில் விழுந்தேன். லேசான சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். கல்லை மட்டும் விடவில்லை. விடுதிக்கு வந்து கட்டிய பேண்டேஜின் உறையில், செய்த ஊர் என்று நம் இராஜபாளையம் பெயர் இருந்தது. அந்த உறையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

நேற்று கல் அறுக்கும் பட்டறையில், ஆளுக்கொன்றாக நாங்கள் கொடுத்த நாலு கல்லையும் அறுத்தார்கள். மற்ற மூன்றும் வெறும் கல். என்னுடையதில் சிவப்பும் வெள்ளையும் வளையம் வளையமாக விரிந்திருந்தன! பட்டறைக்காரரே எழுந்து கைதட்டினார். "ஒன் கண்ணுதாம்ட்டி கண்ணு!" என்று இசக்கி என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

பாதிக் கல்லைப் பார்சலில் அனுப்புகிறேன். அம்மா இடித்த மிளகாய்ப்பொடி அனுப்புங்கள். கூடவே ஒரு கேசட்டில் வீட்டுப் பேச்சையும் பிடித்து அனுப்புங்கள். என்ன பேசுவதென்று யோசிக்க வேண்டாம். எல்லோரும் சாப்பிடும்போது டேப்பை ஓடவிட்டால் போதும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அன்பு மகள்,
ஞானபாக்கியம்