மொட்டு கிள்ளிய வரிசை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அப்படித்தானே தொடங்க வேண்டும்! நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்தது. கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய் வருகிறார். பேச்சுதான் குறைந்துவிட்டது.

நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. பட்டாணிச் செடியின் தண்டில் ஓரமாகக் கீறி, தண்ணீர் ஏறும் குழாயை அறுப்பது என் வேலை. நுனியில் மொட்டு இருந்தால் அதிலிருந்து ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கும். அது இறங்கும் தடத்திலுள்ள செல்களே குழாயாக மாறி, காயத்தைச் சுற்றிப்போய் மறுபடி இணைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடைசி வரிசையில் மட்டும் மொட்டையும் கிள்ளிவிடுவேன். மேலிருந்து சொல்ல ஆளில்லாததால் அங்கே எதுவும் நடக்கக் கூடாது.

ஆனால் நடந்தது. தண்டைச் சீவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், காயத்தைச் சுற்றிச் சிவப்பாகப் புதுக் குழாய்கள். இல்லாத மொட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் செடிகள் வழி போட்டிருந்தன. மூன்று தடவை புதிதாக நட்டேன், மூன்று தடவையும் அப்படியே. "யாரோ வேணும்னே விளையாடுறாங்க சார்" என்று பேராசிரியரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் செடி அறையில் கேமரா வைத்தார்.

நேற்று அவரும் நானும் அதில் பதிந்ததைப் பார்த்தோம். மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம். ஒருத்தி உள்ளே வருகிறாள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளி மெழுகில் ஆக்ஸின் குழைத்த டப்பாவைத் திறந்து, கிள்ளிய நுனி ஒவ்வொன்றிலும் விரலால் தொட்டு வைக்கிறாள். குனிந்து ஒவ்வொரு செடியிடமும் ஏதோ சொல்கிறாள். கொஞ்சமும் அவசரமில்லை.

அது நான்தான், அக்கா. எனக்கு எதுவும் ஞாபகமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவே நினைத்தேன். டிபன் பாக்ஸும் தினமும் காலியாகத்தானே வீட்டுக்கு வந்தது!

பேராசிரியர் திட்டவில்லை. "கொஞ்ச நாள் லீவு போடும்மா. வீட்ல கூட யாராவது இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

கேமராவில் சத்தம் பதியவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்தி உதட்டைப் பார்த்தேன். எல்லாச் செடியிடமும் ஒரே சொல். பிறந்த அன்று என் மகளைக் கையில் வாங்கி நீ கூப்பிட்டாயே, அந்தப் பெயர். அவள் போன பிறகு இந்த வீட்டில் அதை யாரும் சொல்லவில்லை, எட்டு மாதமாகிறது.

இன்று லீவு. காலையிலிருந்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் இதை எழுதும் விரலில் கம்பளி மெழுகு வாடை அடிக்கிறது.

முடிந்தால் கிளம்பி வா. முடியாவிட்டால் பதிலாவது போடு. அதில் அந்தப் பெயரை ஒரு தடவை எழுது. வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அதை எழுத என் கை வர மாட்டேன் என்கிறது.

அத்தானுக்கு வணக்கம். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை